நெடுஞ்சாலையும் காட்டுவழியும்

மனிதன் வழி அமைக்கக் கற்றுக்கொள்வதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே விலங்குகள் தமக்கென வழிகளை வகுத்திருந்தன. நீர்நிலையிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்கும், மேய்ச்சல் நிலத்திலிருந்து மலைச்சாரலுக்கும், ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்கும் அவை தலைமுறை தலைமுறையாக நடந்த தடங்கள் மண்ணில் பதிந்து கிடந்தன. அடர்ந்த காட்டை ஊடுருவிச் சென்ற மனிதர் பலர் யானைத் தடத்தையே துணையாகக் கொண்டனர். உடல் பெருத்த யானை வீண் ஏற்றத்தை விரும்புவதில்லை. இசைவான சரிவைத் தேர்ந்தே நடக்கும். ஆதலால் அது நடந்த இடம் மனிதனுக்கும் நல்ல வழியாயிற்று.

இன்று நிலை மாறிவிட்டது. அன்று விலங்கு காட்டிய வழியிற் சென்ற மனிதன் இன்று அவ்வழியையே குறுக்கே அறுத்து நெடுஞ்சாலை அமைக்கின்றான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. ஆனால், நள்ளிரவில் லொறி மோதிச் சாலை நடுவே இறந்து கிடக்கும் யானை எவருக்கும் ஒரு பொன்னும் தருவதில்லை; சில வேளைகளில் வண்டியோட்டியின் உயிரையும் உடன்கொண்டு போகின்றது. சாலையும் வேண்டும், விலங்கும் வேண்டும் என்றால் செய்யத்தக்கது யாது? உலகின் பல நாடுகள் இவ்வினாவுக்குக் கண்ட விடைதான் விலங்குவழி என்பது. சாலைக்கு மேலே பாலமாகவோ, சாலைக்குக் கீழே சுரங்கமாகவோ விலங்குகள் கடந்து செல்வதற்கென்றே அமைக்கப்படும் வழி அது.

காட்டினூடே செல்லும் நெடுஞ்சாலை விளைக்கும் தீங்கு ஒன்றன்று. வண்டி மோதி விலங்கு இறத்தல் கண்ணுக்குத் தெரியும் தீங்கு. கண்ணுக்குத் தெரியாத தீங்கு வேறொன்று உண்டு. இரைச்சலுக்கும் விளக்கொளிக்கும் அஞ்சிப் பல விலங்குகள் சாலையை அணுகாமலே நின்றுவிடுகின்றன. சாலையின் இப்பக்கத்துக் கூட்டம் இப்பக்கத்திலேயே, அப்பக்கத்துக் கூட்டம் அப்பக்கத்திலேயே எனக் காடு இரண்டாகப் பிளவுபடுகின்றது. வறட்சிக் காலத்தில் நீர் அப்புறத்தில் இருந்தாலும் இப்புறத்து விலங்குக்கு அது எட்டாது. ஒரு சிறு கூட்டம் தனக்குள்ளேயே இனம்பெருக்கிப் பல தலைமுறைகள் கழிந்தால் அதன் குருதி வளம் குன்றும். நோயைத் தாங்கும் வலிமை குறையும். ஒரு விலங்கேனும் சாலையில் அடிபட்டு இறவாமலே ஓர் இனம் அக்காட்டிலிருந்து மெல்ல மெல்ல அருகிப் போதல் கூடும். ஆகவே விலங்குவழியின் நோக்கம் விபத்தைத் தடுப்பது மட்டுமன்று. அறுந்துபோன காட்டை மீண்டும் தைப்பதும் ஆகும்.

இத்தையல் வேலையை நெடுங்காலமாகவும் விரிவாகவும் செய்து பார்த்த இடங்களுள் கனடா நாட்டின் பான்ஃப் தேசியப் பூங்கா முதன்மையானது. றொக்கி மலைத்தொடரில், அல்பேட்டா மாகாணத்தில், 1885ஆம் ஆண்டிற் காப்பு நிலமாக அறிவிக்கப்பட்ட அப்பூங்கா கனடாவின் முதற் தேசியப் பூங்காவாகும். உயர்ந்த பனிமலைகளுக்கு இடையே போ என்னும் ஆறு பாயும் பள்ளத்தாக்கு ஒன்று அங்கே உண்டு. மலைமுகடுகளில் பாறையும் பனியுமே நிறைந்திருத்தலால், கரடியும் ஓநாயும் மானும் உணவு தேடி வாழத்தக்க தாழ்நிலம் பெரிதும் அப்பள்ளத்தாக்கே ஆகும். மனிதனும் அதனையே தேர்ந்துகொண்டான். முதலில் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் புகையிரதப் பாதை அவ்வழியே வந்தது. பின்னர், 1962ஆம் ஆண்டிற் கனடாவின் கீழ்க்கரையையும் மேற்கரையையும் இணைக்கும் பெருநெடுஞ்சாலை முறைப்படி திறக்கப்பட்டபோது, அதன் ஒரு பகுதியும் அப்பள்ளத்தாக்கின் ஊடாகவே சென்றது.

வண்டிகள் பெருகின. எல்க் எனப்படும் பெரிய மான்கள் நூற்றுக்கணக்கான கிலோகிராம் நிறையுள்ளவை. விரைந்து வரும் மோட்டார் வண்டி அத்தகைய மானின் நீண்ட கால்களில் மோதினால், அதன் பருத்த உடல் வண்டியின் முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழும். விலங்கும் மடியும், மனிதரும் மடிவர். 1980களின் தொடக்கத்தில் இருவழிச் சாலையை நால்வழிச் சாலையாக அகலப்படுத்தும் வேலை தொடங்கிற்று. சாலையை அகலப்படுத்தினால் இத்துன்பமும் பெருகும் என்பது வெளிப்படை. ஆகவே சாலைத் திட்டத்துடனேயே விலங்குகளுக்கான திட்டமும் பிறந்தது.

அத்திட்டத்தின் முதல் உறுப்பு வேலி. சாலையின் இருமருங்கும் ஏறக்குறைய 2.4 மீற்றர் உயரமுள்ள கம்பிவலை வேலி எழுப்பப்பட்டது. அதற்கும் குறைவான வேலியை மான் எளிதில் தாண்டிவிடும். சில விலங்குகள் வேலிக்குக் கீழே மண்ணைத் தோண்டி நுழைவதைக் கண்டபின், பிற்காலத்தில் அமைத்த வேலியின் அடிவலையை மண்ணுக்குள்ளும் புதைத்தனர். இரண்டாம் உறுப்பு கடவை. வேலியோரமாக நடந்துவரும் விலங்கு தானாகவே வந்துசேரும் இடங்களிற் கீழ்வழிகள் அமைக்கப்பட்டன. பின்னர், 1996, 1997ஆம் ஆண்டுகளில், 50 மீற்றர் அகலமுள்ள இரண்டு மேம்பாலங்கள் விலங்குகளுக்கென்றே கட்டப்பட்டன. 2014ஆம் ஆண்டளவில் அப்பூங்காவில் 6 மேம்பாலங்களும் 38 கீழ்வழிகளுமாக 44 விலங்குவழிகள் நிறைவுற்றிருந்தன.

வேலியும் கடவையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை ஈண்டு வற்புறுத்திச் சொல்லல் வேண்டும். கடவையின்றி வேலி மட்டும் எழுப்பினால் அது காட்டை இரண்டாக்கும் மதிலாகிவிடும். வேலியின்றிக் கடவை மட்டும் அமைத்தால் விலங்கு தான் பழகிய இடத்திலேயே சாலையைக் கடக்கும். பெரும்பொருள் செலவிட்ட பாலம் வெறிச்சோடிக் கிடக்கும். வேலி விலங்குக்கு 'இங்கே வேண்டாம்' என்கின்றது. கடவை 'அங்கே வா' என்கின்றது. இரண்டு சொல்லும் சேர்ந்தால்தான் பொருள் நிறைவுறும்.

எவ்வளவு நல்ல வேலியாயினும் ஒரு சில விலங்குகள் எப்படியோ சாலைக்குள் வந்துவிடும். வந்தவை வெளியேற வழியில்லையெனில் இரு வேலிகளுக்கும் இடையே அகப்பட்டு மருண்டு ஓடும். இதற்கென வேலியின் உட்புறம், அதாவது சாலைப் பக்கத்தில், மண்ணைச் சரிவாகக் குவித்து மேடு அமைப்பர். உள்ளே அகப்பட்ட விலங்கு அம்மேட்டில் ஏறி வெளியே குதித்துவிடலாம். வெளியே நிற்பது மதில்போன்ற மறுபக்கத்தில் ஏறி உள்ளே வர இயலாது. கிளைச்சாலைகள் வந்து சேரும் இடங்களில் வேலி அடைக்க முடியாதன்றோ? அங்கே பள்ளத்தின் மேல் இடைவெளிவிட்டு இரும்புச் சட்டங்களைப் பரப்புவர். வண்டிச் சக்கரம் அதன்மேல் உருளும். குளம்புள்ள விலங்கு கால்வைக்க அஞ்சித் திரும்பும்.

இனி, எந்த இடத்திற் கடவை அமைப்பது என்னும் வினா. இது வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்துக் கோடு கிழித்து விடை காணும் வினாவன்று. விலங்குகள் எங்கே அடிபட்டு இறந்தன என்ற பதிவேடு, பனியிலும் மணலிலும் பதிந்த அடிச்சுவடு, ஓடைகள் இறங்கும் தாழ்வுகள், காடு சாலையை நெருங்கி வரும் இடங்கள், காட்டோரத்து மக்களின் நீண்டகால அநுபவம் ஆகிய யாவற்றையும் ஒருங்கே ஆராய வேண்டும். சுருங்கக் கூறின், பொறியியலாளர் அளவெடுக்கத் தொடங்குமுன் விலங்கு ஏற்கெனவே எடுத்திருக்கும் அளவைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எவ்வகைக் கடவை என்பது அடுத்த வினா. பான்ஃபில் அன்ரனி கிளெவெஞ்சர் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும் 1996ஆம் ஆண்டு முதல் நிகழ்த்திய ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. கிரிஸ்லி எனப்படும் பெரிய பழுப்புக் கரடி, ஓநாய், எல்க், மூஸ் ஆகிய மானினங்கள் என்பன உயரமும் அகலமும் உள்ளதாய், நீளம் குறைந்ததாய், மறுபுறம் தெளிவாகத் தெரிவதாய் உள்ள வழியையே விரும்பின. கருங்கரடியும் கூகர் என்னும் மலைச்சிங்கமுமோ ஒடுங்கிய, மறைவான வழியை நாடின. திறந்தவெளியில் ஓடித் தப்பும் விலங்குக்குப் பார்வை வேண்டும். மறைவிற் பதுங்கி வாழும் விலங்குக்கு மூடாக்கு வேண்டும். எனவே ஒரே அச்சில் வார்த்த பாலங்களை வரிசையாக அமைப்பதாற் பயனில்லை. பலவகை விலங்கு வாழும் காட்டுக்குப் பலவகைக் கடவைகளே பொருந்தும்.

அக்கடவைகளின் மேம்பாலம் ஒன்றை மனக்கண்ணாற் காண்பது நன்று. மேலே நடக்கும் விலங்குக்கு அது பாலமென்றே தோன்றாது. ஆழமாக மண் பரப்பி, அவ்வூர்ப் புல்லும் செடியும் மரமும் நட்டிருப்பர். இருபுற விளிம்புகளிலும் மண்ணணை உயர்ந்து, கீழே ஓடும் வண்டிகளின் ஒளியையும் ஒலியையும் மறைக்கும். அங்கே மனிதருக்கு இடமில்லை. கடவையை மனிதர் நடைபாதையாகப் பயன்படுத்தத் தொடங்கினால் ஊனுண்ணி விலங்குகள் அதனை விட்டு விலகும் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. விருந்தினருக்கென விரித்த பாயில் வீட்டாரே படுத்துக்கொண்டால் விருந்தினர் எங்ஙனம் தங்குவர்?

முதல் மேம்பாலங்கள் எழுந்தபோது அவற்றை வீண்செலவு என்று பழித்தவர் பலர். கரடி பாலம் பார்த்து நடக்குமா என்று நகைத்தனர். தொடக்க ஆண்டுகளிற் பார்த்தவர்க்கு அந்நகைப்பு நியாயமாகவே தோன்றியிருக்கும். மான்கள் விரைவிற் பழகின. ஆனால், கிரிஸ்லிக் கரடியும் ஓநாயும் புதிய அமைப்பை ஐயுற்று விலகியே நின்றன. அவை நம்பிக்கை கொள்ள ஐந்து ஆண்டுகள் வரை சென்றன. ஈராண்டு பார்த்து விட்டுத் 'திட்டம் தோற்றது' என்று ஏட்டை மூடியிருந்தால் உண்மை வெளிப்பட்டிராது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் அழும் குழந்தையை வைத்துக் கல்வியின் பயனை அளத்தல் தகுமா? ஆராய்ச்சியாளர் பொறுமையுடன் காத்திருந்தனர். கடவைகளில் மணற்பாத்தி பரப்பி அடிச்சுவடுகளை எண்ணினர். பின்னர்த் தானியங்கிக் கமெராக்களைப் பொருத்தினர்.

காத்திருந்ததன் பயன் சிறிதன்று. 1996ஆம் ஆண்டுக்கும் 2014ஆம் ஆண்டுக்கும் இடையே பெரிய பாலூட்டி விலங்குகள் 150,000க்கும் மேற்பட்ட தடவை அக்கடவைகளைக் கடந்தமை பதிவாயிற்று. வேலியிட்ட பகுதியில் விலங்குகளுடன் வண்டிகள் மோதும் விபத்து நூற்றுக்கு 80க்கு மேற் குறைந்தது. எல்க், மான் ஆகியவற்றை மட்டும் கணக்கிட்டால் அக்குறைவு நூற்றுக்கு 96க்கும் அதிகமாகும். இன்னுமொரு நுட்பமான வினாவும் விடைபெற்றது. சாலையைக் கடக்கும் கரடிகள் அப்புறத்துக் கரடிகளோடு உண்மையிற் கலந்து வாழ்கின்றனவா? கடவைகளிற் கட்டிய முட்கம்பியில் ஒட்டிய உரோமங்களைச் சேகரித்து அவற்றின் மரபணுவை ஆராய்ந்தனர். கிரிஸ்லியும் கருங்கரடியும் சாலையைக் கடந்து இனம்பெருக்குகின்றன என்பது உறுதியாயிற்று. அறுந்த காடு உண்மையாகவே தைக்கப்பட்டிருந்தது.

செலவு மிகுதியன்றோ என்று கேட்போர் உண்டு. செலவு மிகுதிதான். ஆனால், விபத்தும் இலவசமாக வருவதில்லை. வட அமெரிக்க நிலையை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, வண்டி ஒன்று மானுடன் மோதுவதால் விளையும் சராசரி இழப்பை 6,617 அமெரிக்க டொலர் என்று கணக்கிட்டது. எல்க் மோதினால் அது 17,483 டொலர். மூஸ் மோதினால் 30,760 டொலர். வண்டிச் சேதம், மருத்துவம், உயிரிழப்பு, விலங்கின் மதிப்பு முதலியன சேர்ந்த தொகை அது. ஆண்டுதோறும் விபத்து மலியும் சாலைப் பகுதியில், கடவை கட்டாமல் விடுவதே கட்டுவதிலும் செலவு மிக்கதாய் முடியும் என்று அவ்வாய்வு காட்டிற்று. மேலும், சாலை போடும்போதே சேர்த்துக் கட்டும் கடவைக்கும், போட்டு முடித்த சாலையைப் பின்னர் உடைத்துக் கட்டும் கடவைக்கும் செலவில் வேறுபாடு உண்டு. வீடு கட்டும்போதே கதவு வைப்பதும், கட்டிய சுவரை இடித்துக் கதவு வைப்பதும் ஒன்றாகுமா?

குளிர்நாட்டுக் கரடிக்குப் பொருந்தியது வெப்பநாட்டு யானைக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். கென்யா நாட்டில், கென்யா மலைக் காட்டுக்கும் வடக்கேயுள்ள ங்காரே ந்டாரே காட்டுக்கும் இடையே யானைகள் சென்றுவரும் பழைய வழியை ஒரு நெடுஞ்சாலை குறுக்கிட்டது. அச்சாலையின் கீழே யானைகளுக்கென ஒரு கீழ்வழி அமைக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் ஆண்யானை அதனூடே நடந்து மறுபுறம் சென்றது. ஏனையவை அதனைப் பின்பற்றின. இந்தியாவில் மகாராட்டிர மாநிலத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் அருகே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அகலப்படுத்தப்பட்டபோது, நெடிய வழக்குகளின் பின், 9 இடங்களிற் சாலை உயர்த்தப்பட்டு அதன் கீழே விலங்குகளுக்கு வழி விடப்பட்டது. அவற்றுள் மிக நீண்டது 750 மீற்றர். 2019ஆம் ஆண்டில் அங்கே வைத்த கமெராக்களில் புலி உட்பட 18 வகை விலங்குகள் பதிவாயின. கல்லும் சீமெந்தும் இன்றியே காக்கும் முறையும் உண்டு. கருநாடகத்தின் பண்டிப்பூர்க் காட்டினூடே செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009ஆம் ஆண்டிலே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து தடைசெய்யப்பட்டது. வணிகருக்கும் பயணிகளுக்கும் அதனால் இடர் உண்டு. எனினும் இரவு விலங்குக்கு உரியது என்னும் கொள்கை அதனால் நிலைபெற்றது.

பான்ஃபின் வெற்றியைக் கூறுமிடத்து அதன் குறையையும் கூறுதல் நேர்மை. நெடுஞ்சாலைக்கு வேலியும் பாலமும் அமைத்த அப்பூங்காவில், அருகே செல்லும் புகையிரதப் பாதை வேலியின்றியே நின்றது. கூலவண்டிகளிலிருந்து சிந்தும் தானியத்தை உண்ண வரும் கரடிகள் தண்டவாளத்தில் அடிபட்டு இறந்தன. ஒரு வாயிலை அடைத்து மறுவாயிலைத் திறந்துவிட்டால் காவல் நிறைவுறாது என்பதற்கு அது சான்று.

இலங்கையருக்கு இச்செய்தி அயலான் வீட்டுக் கதையன்று. 2018ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஹபரணைக்கு அண்மையில், கருவுற்ற ஒரு பெண்யானையும் இரு கன்றுகளும் புகையிரதம் மோதி இறந்தன. அதே வட்டாரத்தில் 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நோக்கி வந்த புகையிரதம் ஒரு யானைக்கூட்டத்தின்மீது மோதியதில் 6 யானைகள் மடிந்தன. வண்டியும் தடம் புரண்டது. அந்த நிலம் எத்தகையது? கோடையிற் குளத்து நீர் வற்றி இளம்புல் முளைக்கும்போது நூற்றுக்கணக்கான யானைகள் மின்னேரியாவிலும் கவுடுல்லவிலும் வந்து கூடும் நிலம் அது. யானைகள் வழிதவறித் தண்டவாளத்துக்கு வரவில்லை. தண்டவாளமே அவற்றின் வழியிற் கிடக்கின்றது.

பான்ஃபின் படிப்பினை இங்கே எவ்வாறு பொருந்தும்? முதலாவது, எந்தப் புதிய சாலைக்கும் புகையிரதப் பாதைக்கும் வரைபடம் எழுதும் நாளிலேயே யானைத் தடத்தையும் அதில் எழுத வேண்டும். இரண்டாவது, மின்வேலி மட்டும் காவலாகாது. வேலி எங்கே முடிகின்றதோ, அங்கே யானைக்கு ஒரு வாயில் திறந்திருக்க வேண்டும். மூன்றாவது, கடவை அமைக்க இயலாத பழைய பாதைகளில், யானை கடக்கும் இடமும் நேரமும் அறிந்து வேகத்தைக் குறைக்க வேண்டும். நான்காவது, யாவற்றிலும் முக்கியமானது, கடவையின் இருமுனையிலும் உள்ள நிலத்தைக் காக்க வேண்டும். எத்தனை அழகிய பாலம் கட்டினும் அதன் மறுமுனையில் விடுதியோ வேலியடைத்த தோட்டமோ எழுந்துவிட்டால், பாலம் ஊர் போகாத வழியாகிவிடும். பாலத்தைப் பொறியியலாளர் ஒருவர் கட்டிவிடலாம். அந்நிலத்தைக் காக்கவோ திணைக்களங்களும், உழவரும், ஊராரும் ஒருமித்து உடன்பட வேண்டும். ஊராரின் பயிருக்கும் உயிருக்கும் காவல் இல்லாமல் அவ்வுடன்பாடு கிட்டாது. ஆகவே விலங்குவழி என்பது மனிதரையும் எண்ணி வகுக்கும் திட்டமே ஆகும்.

விலங்கு மனு எழுதாது. சாலைத் திட்டக் கூட்டத்துக்கு வந்து தன் குறையைச் சொல்லாது. ஆண்டாண்டாக ஒரே தடத்தில் நடந்து அத்தடத்தையே தன் உறுதிப்பத்திரமாக மண்ணில் எழுதி வைத்திருக்கின்றது. அதைப் படித்தறிந்தபின் சாலை அமைப்பவர் இரு சாராரின் உயிரையும் காக்கின்றனர். படியாமல் அமைப்பவர் அச்சாலையில் நேரும் ஒவ்வொரு சாவுக்கும் முன்னரே இடம் குறித்து வைத்தவராகின்றனர்.